பழைய எண், புதிய எண்: பரணிலிருந்து இறங்கிய 386

அம்மா 1992-இல் கும்பகோணத்தில் ஜாப் டைப்பிங் சென்டர் ஆரம்பித்தபோது வாங்கிய கம்ப்யூட்டர் இது. அசெம்பிள் செய்த 386 எஸ்எக்ஸ். 2 எம்.பி. ராம், 40 எம்.பி. ஹார்ட் டிஸ்க், கறுப்பு வெள்ளை மானிட்டர். கல்லூரிப் பிள்ளைகளின் ப்ராஜெக்ட், வேலைக்கு அனுப்பும் பயோடேட்டா, வக்கீல் வீட்டு மனுக்கள் என்று எட்டு வருஷம் ஓய்வில்லாமல் ஓடியது. 2000-இல் சென்டரை மூடியதும் பழைய போர்வையால் சுற்றிப் பரணில் ஏற்றிவிட்டோம்.

போன தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தபோது அம்மா கேட்டார்கள். "ஏண்டா, அந்த மெஷினை இறக்கிப் பாரேன். தாத்தா சொல்லச் சொல்ல நான் அடிச்சதெல்லாம் அதுலதானே இருக்கு?"

எனக்கு அது மறந்தே போயிருந்தது. 1994 மழைக்காலத்தில், சென்டரில் வேலை குறைந்த சாயங்காலங்களில், தாத்தா பக்கத்தில் உட்கார்ந்து தன் கதையைச் சொல்வார். அம்மா வேர்ட்ஸ்டாரில் அடிப்பார்கள். அந்த மெஷினில் தமிழ் எழுத்து கிடையாது. அதனால் தமிழையே ஆங்கில எழுத்தில் அடித்தார்கள். அதை ஒரு பிரிண்ட் எடுத்து வைத்திருந்தோம், அதைக் கரையான் தின்றுவிட்டது. ஃப்ளாப்பியில் ஒரு காப்பி இருந்தது, அதில் பூஞ்சை படர்ந்துவிட்டது. தாத்தா 1997-இல் தவறிவிட்டார். ஆக, இந்த உலகத்தில் அவர் கதை மிச்சமிருந்தால் அந்த 40 எம்.பி. டிஸ்க்கில்தான் இருக்க வேண்டும்.

டிஸ்க்கை மெஷினுக்குத் தெரியவைக்க எனக்கு ஐந்து வார இறுதிகள் ஆயின. பழைய கம்ப்யூட்டர் வீட்டில் வைத்திருக்கும் யாருக்காவது இது உதவும் என்பதால், நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதலில் பேட்டரி

பரணிலிருந்து இறக்கிய பழைய மெஷினை ஆசையில் உடனே ஆன் செய்துவிடாதீர்கள். கேபினெட்டைத் திறந்து, மதர்போர்டில் கீபோர்டு சொருகும் இடத்துக்குப் பக்கத்தில் பாருங்கள். 386, ஆரம்பகால 486 போர்டுகளில் பெரும்பாலும் அங்கே ஒரு சிறிய பீப்பாய் மாதிரி 3.6 வோல்ட் நிக்கல் காட்மியம் பேட்டரி இருக்கும். தேதி, நேரம், டிஸ்க் விவரம் எல்லாவற்றையும் கரண்ட் இல்லாதபோதும் காப்பாற்றுவதற்காக வைத்தது. வருஷக்கணக்கில் கிடந்தால் அது கசியும். கசியும் திரவம் காரம். அது செம்புப் பாதைகளைப் பச்சையாக அரித்துக்கொண்டே போகும்.

எங்கள் போர்டிலும் கசிந்திருந்தது. நல்ல வேளையாகப் பெரிய சேதம் இல்லை. பேட்டரியை வெட்டி எடுத்தேன். காரத்தை முறிக்க வினிகரைப் பஞ்சில் தொட்டுத் துடைத்து, பிறகு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் கழுவி ஒரு நாள் முழுக்கக் காயவிட்டேன். போர்டில் வெளி பேட்டரிக்கென்று 4 பின் இருந்தது. அதில் மூன்று பென்டார்ச் செல் போட்ட ஒரு பெட்டியை இணைத்தேன். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். பழைய பேட்டரி இருந்த அதே இடத்தில் சாதாரண செல்லையோ காயின் செல்லையோ நேரடியாக வைக்கக் கூடாது. அந்த சர்க்யூட் பேட்டரியைச் சார்ஜ் செய்யும். சார்ஜ் ஏறக் கூடாத செல்லுக்குச் சார்ஜ் போனால் அது வெடிக்கக்கூடும்.

அடுத்தது எஸ்.எம்.பி.எஸ். அந்தக் கால மெஷின்களில் மதர்போர்டுக்குப் போகும் பவர் இரண்டு தனித்தனி கனெக்டர்களாக வரும். இரண்டையும் மாட்டும்போது கறுப்பு ஒயர்கள் நடுவில் அடுத்தடுத்து வர வேண்டும். மாற்றி மாட்டினால் போர்டு போய்விடும். எதையும் மாட்டுவதற்கு முன்னால், உபயோகமில்லாத வேறொரு டிஸ்க்கை லோடாகக் கொடுத்து மல்டிமீட்டரில் அளந்தேன். சிவப்பு ஒயரில் 5.1 வோல்ட், மஞ்சளில் 11.9. போதும்.

ஆன் செய்தேன். ராம் எண்ணிக்கை ஓடியது. ஒரு பீப். பிறகு திரையில் "சிமாஸ் பேட்டரி ஸ்டேட் லோ", "சிமாஸ் செக்சம் ஃபெயிலியர்" என்று வரிசையாக வந்தது. மெஷினுக்கு உயிர் இருக்கிறது, ஞாபகம்தான் இல்லை என்று அதற்கு அர்த்தம். செட்டப்பில் போய்ப் பார்த்தால் ஹார்ட் டிஸ்க் "நாட் இன்ஸ்டால்டு" என்றிருந்தது.

காதால் கேளுங்கள்

டிஸ்க் தெரியவில்லை என்றால் நாம் திரையைத்தான் உற்றுப் பார்க்கிறோம். முதலில் பார்க்க வேண்டியது டிஸ்க்கை. பார்ப்பதைவிடக் கேட்பது நல்லது. நல்ல நிலையில் இருக்கும் பழைய டிஸ்க், பவர் வந்ததும் மெல்லிய ஊளையாக ஆரம்பித்து, சுருதி ஏறிக்கொண்டே போய் ஒரு இடத்தில் நிலைக்கும். நிலைத்த பிறகு "டக்" என்று ஒரு சத்தம், அதைத் தொடர்ந்து "கிர்ர், டக் டக்" என்று தலைகள் நகரும் சத்தம். அவ்வளவும் கேட்டுவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது.

எங்கள் டிஸ்க்கில் எந்தச் சத்தமும் இல்லை. கையை வைத்துப் பார்த்தேன், அதிர்வும் இல்லை.

இந்த இடத்தில் பலர் டிஸ்க்கைத் தட்டத் தொடங்குவார்கள். வேண்டாம். வருஷக்கணக்கில் ஓடாத டிஸ்க்கில் தலைகள் தட்டின் மேலேயே ஒட்டிக்கொள்வது உண்டு. அப்போதும் டிஸ்க்கைக் கையில் பிடித்து, பம்பரம் சுழற்றும் திசையில் மணிக்கட்டை ஒரே ஒரு முறை லேசாகத் திருப்புவதுதான் முறை. அதற்கும் முன்னால் பவர் உண்மையிலேயே டிஸ்க்குக்குள் போகிறதா என்று பாருங்கள். நான் எஸ்.எம்.பி.எஸ். பக்கம் அளந்திருந்தேனே தவிர, டிஸ்க் பக்கம் அளக்கவில்லை. நான்கு முனை பவர் கனெக்டரின் வாயை டார்ச் அடித்துப் பார்த்தால், மஞ்சள் ஒயரின் உலோகக் குழல் மட்டும் மற்ற மூன்றைவிட உள்ளே பதுங்கியிருந்தது. சொருகும்போது பின்னால் தள்ளப்பட்டிருக்கிறது. அதனால் 5 வோல்ட் போகிறது, மோட்டாரைச் சுற்ற வைக்கும் 12 வோல்ட் போகவில்லை. பவரை அணைத்து, பின்பக்கமிருந்து அந்தக் குழலை "கிளிக்" என்று பூட்டும் வரை தள்ளினேன்.

மறுபடி ஆன் செய்ததும் அந்த ஊளை வந்தது. சமையலறையில் இருந்த அம்மா கரண்டியோடு ஓடி வந்தார்கள். "இந்தச் சத்தம்தான்டா. காலையில கடையைத் திறந்தா முதல்ல இதுதான் கேட்கும்."

யூஎஸ்பி அடாப்டர் சொல்வதை நம்பாதீர்கள்

சுற்ற ஆரம்பித்துவிட்டதே, லேப்டாப்பில் மாட்டி ஃபைலை எடுத்துவிடலாம் என்று ஐடிஇ டிஸ்க்கை யூஎஸ்பியில் இணைக்கும் அடாப்டர் ஒன்றை வாங்கினேன். லேப்டாப்பில் எதுவுமே வரவில்லை. சர்வீஸ் கடைக்காரர் ஒருவரிடம் கொடுத்தேன், அவரும் அதே மாதிரி அடாப்டரில் மாட்டிப் பார்த்துவிட்டு "டிஸ்க் போச்சு சார்" என்றார். அன்றைக்கு இரவு அம்மாவுக்கு போன் செய்யவே மனசு வரவில்லை.

பிறகுதான் விஷயம் புரிந்தது. இன்றைய அடாப்டர்கள் எல்லாம் டிஸ்க்கிடம் "இத்தனையாவது செக்டரைக் கொடு" என்று ஒரே தொடர் எண்ணால் கேட்கும். அதற்கு எல்பிஏ என்று பெயர். 1990-களின் தொடக்கத்தில் வந்த பல டிஸ்க்குகளுக்கு அந்தக் கேள்வியே புரியாது. "இந்த சிலிண்டர், இந்த ஹெட், இந்த செக்டர்" என்று மூன்று எண்ணாகக் கேட்டால்தான் அவை பதில் சொல்லும். அடாப்டரில் தெரியவில்லை என்பதற்காக டிஸ்க் செத்துவிட்டதாக அர்த்தமில்லை. இது தெரியாமல் எத்தனை நல்ல டிஸ்க்குகள் பழைய இரும்புக்குப் போயிருக்குமோ என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

மதர்போர்டிலேயே ஐடிஇ போர்ட் உள்ள மெஷின் வேண்டும். சென்னையில் ரிச்சி தெருவில் முப்பது வருஷமாகப் பழைய பாகங்கள் விற்கும் ஒரு அண்ணன் எனக்குப் பழக்கம். அவரிடமிருந்து ஒரு பென்டியம் 3 மெஷினும் இரண்டு புது 40 பின் கேபிளும் வாங்கி வந்தேன். மற்ற டிஸ்க் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு இதை மட்டும் தனியாக மாட்டினேன். ஜம்பர் மாஸ்டரில் இருந்தது. சில டிஸ்க்குகளில் "தனியாக இருக்கும் மாஸ்டர்", "கூட ஸ்லேவ் உள்ள மாஸ்டர்" என்று இரண்டு விதமான ஜம்பர் உண்டு. தனியாக மாட்டிவிட்டு இரண்டாவதில் வைத்தால், இல்லாத ஸ்லேவுக்காகக் காத்திருந்து டிஸ்க் தெரியாமலே போகும்.

பயாஸில் ஆட்டோ டிடெக்ட் கொடுத்தேன். ஐந்து நொடியில் பதில் வந்தது: 526 சிலிண்டர், 4 ஹெட், 40 செக்டர். பெருக்கிப் பார்த்தால் 84,160 செக்டர். செக்டருக்கு 512 பைட் என்றால் சுமார் 43 எம்.பி. லேபிளைப் பூச்சி அரித்துவிட்டதால் இந்த எண்களுக்காகத்தான் நான் அல்லாடிக்கொண்டிருந்தேன். ஒரு தாளில் எழுதிக்கொண்டேன்.

ஒரு பக்கம் சரி என்று தெரிந்தால்

டிஸ்க்கை 386-க்கே கொண்டுபோய், செட்டப்பில் டைப் 47 தேர்ந்தெடுத்து அந்த மூன்று எண்களையும் கொடுத்தேன். "எச்டிடி கன்ட்ரோலர் ஃபெயிலியர்" என்று வந்தது.

இப்போது எனக்குப் பதற்றம் இல்லை. டிஸ்க் நன்றாக இருக்கிறது என்பது பென்டியத்தில் உறுதியாகிவிட்டது. ஆகவே கோளாறு டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவில்தான் இருக்க வேண்டும். இந்த வேலையில் நான் கற்றுக்கொண்ட பெரிய பாடம் இது. ஏதாவது ஒரு முனையைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் சரி என்று ஆக்கிக்கொள்ளுங்கள். பிறகு அங்கிருந்து ஒவ்வொரு அடியாக நகருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

386-இல் ஐடிஇ போர்ட் மதர்போர்டில் இல்லை. ஸ்லாட்டில் சொருகும் மல்டி ஐஓ கார்டில் இருக்கிறது. ஹார்ட் டிஸ்க், ஃப்ளாப்பி, பிரிண்டர், மௌஸ் எல்லாவற்றுக்கும் அந்த ஒரே கார்டுதான். அந்தக் கால கார்டுகளில் கேபிள் சொருகும் இடத்தைச் சுற்றிச் சுவர் இருக்காது, வெறும் பின்கள் மட்டும் நிற்கும். அதனால் கேபிளைத் தலைகீழாகவும் சொருகலாம், ஒரு வரிசை தள்ளியும் சொருகலாம். கேபிளின் ஓரத்தில் ஓடும் சிவப்புக் கோடு 1-ஆம் பின் பக்கம் வர வேண்டும். டிஸ்க் விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால் முதலில் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும். ஃப்ளாப்பிக்கும் இதே விதி. அதோடு, ஃப்ளாப்பி கேபிளில் ஒரு பகுதி ஒயர்கள் முறுக்கி இருக்கும். முறுக்குக்கு அப்பால் உள்ள முனையில் மாட்டினால்தான் அது ஏ டிரைவ்.

எங்கள் கேபிள் நேராகத்தான் இருந்தது. பழைய கேபிளைக் கழற்றிப் புதுக் கேபிளைப் போட்டேன், அதே பிழை. பழைய கேபிளையே மீண்டும் போட்டுவிட்டு கார்டைக் கழற்றினேன். தங்கப் பற்கள் மங்கிக் கிடந்தன. பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, ஆல்கஹாலால் துடைத்து, ஸ்லாட்டில் இரண்டு மூன்று முறை சொருகி எடுத்தேன். இப்போது பிழை சில முறை வந்தது, சில முறை வரவில்லை. அதன்மேல் புதுக் கேபிளையும் போட்டதும் பிழை அடியோடு போய்விட்டது. இரண்டு இடத்தில் கோளாறு இருந்திருக்கிறது. ஒன்றை மட்டும் சரி செய்துவிட்டுப் பலன் இல்லையே என்று விட்டிருந்தால் அங்கேயே நின்றிருப்பேன். எதை மாற்றினோம், என்ன நடந்தது என்று நோட்டில் எழுதிக்கொண்டே போனதுதான் காப்பாற்றியது.

பயாஸ் டிஸ்க்கை ஏற்றுக்கொண்டது. விளக்கு ஒருமுறை மின்னியது. திரையில் ஒரே ஒரு வரி: "மிஸ்ஸிங் ஆபரேட்டிங் சிஸ்டம்".

ஃபார்மேட் செய்யலாமா?

டாஸ் ஃப்ளாப்பியிலிருந்து ஏற்றி சி டிரைவைக் கேட்டேன். "இன்வேலிட் மீடியா டைப்" என்றது. ரிச்சி தெரு அண்ணனுக்கு போன் செய்தேன். அவர் சொன்னது இது. "தம்பி, டிஸ்க் நல்லாத்தான் இருக்கு. உள்ளே எழுதினதுதான் அழிஞ்சிருக்கு. பார்ட்டிஷன் போட்டு ஒரு ஃபார்மேட் அடிச்சீங்கன்னா ஜம்முனு ஓடும்."

அவர் சொன்னதில் பாதி சரி. ஃபார்மேட் செய்திருந்தால் மெஷின் ஓடியிருக்கும். தாத்தா போயிருப்பார்.

கையை எடுத்துவிட்டு டிஸ்க்கைத் திரும்பப் பென்டியத்துக்குக் கொண்டுபோனேன். லினக்ஸில் டிடி ரெஸ்க்யூ என்று ஒரு கருவி இருக்கிறது. டிஸ்க்கின் முதல் செக்டரிலிருந்து கடைசி செக்டர் வரை அப்படியே ஒரு ஃபைலாகப் பிரதி எடுக்கும். படிக்க முடியாத இடத்தைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் நல்ல இடங்களை எடுத்துக்கொள்ளும், பிறகு திரும்பி வந்து முயலும். 84,160 செக்டரில் 6 மட்டும் படிக்கவில்லை. உங்கள் டிஸ்க் எந்த மெஷினிலாவது முதல் முறை தெரிந்ததும், அந்த நிமிஷமே இதைச் செய்துவிடுங்கள். மற்ற எல்லாம் அப்புறம்.

இனி என்ன செய்தாலும் பிரதியில்தான். அதன் முதல் 512 பைட்டைத் திறந்தேன். கடைசி இரண்டு பைட் 55, ஏஏ என்று முறையாக முடிந்திருந்தது. அப்படியென்றால் பார்ட்டிஷன் அட்டவணை அழியவில்லை. அட்டவணையின் முதல் வரி 80 01 01 00 06 04 என்று ஆரம்பித்தது. 80 என்றால் இந்தப் பார்ட்டிஷனிலிருந்துதான் மெஷின் எழ வேண்டும். அடுத்த 01, 01, 00 மூன்றும் அது 1-ஆம் ஹெட்டில், 1-ஆம் செக்டரில், 0-ஆம் சிலிண்டரில் தொடங்குகிறது என்பதைச் சொல்கின்றன. 06 என்பது டாஸ் வகை. 04 என்பது கடைசி ஹெட்டின் எண். ஹெட்டை 0-இலிருந்து எண்ணுவார்கள், ஆக மொத்தம் 5 ஹெட்.

ஐந்தா? நான் கொடுத்தது 4.

அதே வரியில் இன்னும் இரண்டு பைட் தள்ளி 11 00 00 00 என்று இருந்தது. டிஸ்க்கின் ஆரம்பத்திலிருந்து எத்தனை செக்டர் தள்ளி பார்ட்டிஷன் தொடங்குகிறது என்பதைச் சொல்லும் எண் அது. பதினாறின் அடுக்கில் எழுதிய 11 என்றால் நம் கணக்கில் 17. முதல் ட்ராக்கை முழுதாக விட்டுவிட்டு இரண்டாவது ட்ராக்கின் தொடக்கத்தில்தான் பார்ட்டிஷன் ஆரம்பிக்கும். ஆக ஒரு ட்ராக்குக்கு 17 செக்டர். நான் கொடுத்ததோ 40.

பழைய எண்ணும் புதிய எண்ணும்

சென்னையில் வீடு தேடி அலைந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். கதவில் "பழைய எண் 12, புதிய எண் 27" என்று போட்டிருக்கும். வீடு அதே இடத்தில்தான் இருக்கிறது. எண்ணும் முறை மாறிவிட்டது. பழைய எண்ணை வைத்துக்கொண்டு புது எண்ணில் தேடினால் வேறு யார் வீட்டு வாசலிலோ போய் நிற்போம்.

என் டிஸ்க்கில் நடந்தது இதேதான். "0-ஆம் சிலிண்டர், 1-ஆம் ஹெட், 1-ஆம் செக்டர்" என்ற விலாசம், ட்ராக்குக்கு 17 செக்டர் என்று எண்ணினால் 17 செக்டர் தள்ளிப் போய் நிற்கும். 40 என்று எண்ணினால் 40 செக்டர் தள்ளி நிற்கும். முதல் செக்டர் எந்த முறையில் எண்ணினாலும் முதல் செக்டர்தான், அதனால் பார்ட்டிஷன் அட்டவணை மட்டும் சரியாகப் படித்தது. அடுத்த அடி வைத்ததுமே மெஷின் தவறான வாசலுக்குப் போய், "இங்கே ஆபரேட்டிங் சிஸ்டம் இல்லை" என்று திரும்பிவிட்டது.

அப்படியானால் 1992-இல் இந்த டிஸ்க்கை அமைத்தவர் ஏன் டிஸ்க் சொல்லும் எண்ணை விட்டுவிட்டு வேறு எண்ணைக் கொடுத்தார்? அதற்குக் காரணம் 1984-இல் இருக்கிறது. அந்த வருஷம் வந்த ஐபிஎம் ஏடி மெஷினில் அமைப்பு விவரங்களைச் சேமிக்க இருந்தது 64 பைட் கொண்ட ஒரு சின்ன மோட்டரோலா சிப். கடிகாரமும் அதிலேயே. டிஸ்க்கின் முழு அளவுகளை எழுத அதில் இடம் ஒதுக்கவில்லை. அதனால் டிஸ்க் வகைகளை ஒரு பட்டியலாகப் பயாஸ் ரோமில் நிரந்தரமாகப் பதித்துவிட்டு, "இந்த மெஷினில் இருப்பது பட்டியலில் இத்தனையாவது" என்ற ஒற்றை எண்ணை மட்டும் சிப்பில் வைத்தார்கள். பட்டியல் பிறகு 46 வகை வரை வளர்ந்தது. நாமே எண்களைக் கொடுத்துக்கொள்ளும் 47 அதற்குப் பின்னால் வந்த வசதி. பட்டியல் உருவான காலத்து டிஸ்க்குகளில் ட்ராக்குக்கு 17 செக்டர்தான் இருக்கும். அதனால் வரிக்கு வரி 17, 17 என்றே போகும்.

ஐடிஇ டிஸ்க்குகள் வந்தபோது அவற்றின் உள் அமைப்பு வேறாக இருந்தது. ஆனால் மெஷின் எந்தக் கணக்கில் கேட்டாலும் அதைத் தன் கணக்குக்கு மாற்றிக்கொள்ளும் சாமர்த்தியம் அவற்றுக்கு இருந்தது. அதனால் அந்நாளைய மெக்கானிக்குகள் பட்டியலைத் திறந்து, டிஸ்க்கின் கொள்ளளவுக்குக் கொஞ்சம் உள்ளடங்கி வரும் வகையாகப் பார்த்துத் தேர்ந்தெடுப்பார்கள். 40 எம்.பி. டிஸ்க்குக்கு அப்படிப் பொருந்துவது டைப் 17. அதன் அளவுகள் 977 சிலிண்டர், 5 ஹெட், 17 செக்டர். பெருக்கினால் 83,045 செக்டர். நம் டிஸ்க்கின் 84,160-க்குள் கச்சிதமாக அடங்குகிறது.

உறுதி செய்ய இன்னொரு சாட்சி வேண்டும். பிரதியில் 17 செக்டர் தள்ளிப் போய்ப் பார்த்தேன். அங்கே டாஸின் பூட் செக்டர் பத்திரமாக உட்கார்ந்திருந்தது. அதற்குள்ளேயும் ட்ராக்குக்கு 17 செக்டர், 5 ஹெட் என்று எழுதியிருந்தது. பேட்டரி தீர்ந்ததும் மெஷின் தன் சிப்பில் வைத்திருந்த அந்த ஒற்றை எண்ணை மறந்துவிட்டது. டிஸ்க் எதையும் மறக்கவில்லை. தன்னை எப்படிப் படிக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே தன் முதல் பக்கத்தில் வைத்திருந்தது.

ஊருக்குப் போய் 386-இன் செட்டப்பில் டைப் 47-ஐ எடுத்துவிட்டு டைப் 17 வைத்தேன். சேமித்து வெளியே வந்தேன். விளக்கு மின்னியது, அணைந்தது, மறுபடி மின்னி எரிந்துகொண்டே இருந்தது. "ஸ்டார்ட்டிங் எம்எஸ் டாஸ்" என்ற வரி வந்தது. அம்மா எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்கள். இரண்டு பேரும் பேசவில்லை.

தாத்தாவின் ஃபைல்

பென்டியத்தில் எடுத்த பிரதியை லேப்டாப்பில் திறந்து அதற்கு முன்பே ஃபைலைப் பார்த்திருந்தேன். ஆனால் ஒவ்வொரு சொல்லின் கடைசி எழுத்தும் ஏதோ புரியாத குறியாக வந்தது. அழிந்துவிட்டது என்று பயந்தேன். அது அழிவு இல்லை. அம்மா பயன்படுத்திய வேர்ட்ஸ்டார் 4, வரிகளைச் சீராக நிரப்புவதற்காகச் சொல்லின் கடைசி எழுத்தில் ஓர் அடையாளம் வைத்துவிடும். அந்த அடையாளம் வேர்ட்ஸ்டாருக்குத்தான் தெரியும். 386-இல் அதே வேர்ட்ஸ்டாரில் திறந்தபோது எல்லாம் சுத்தமாக வந்தது.

எனக்கு அதைப் படிக்கவே வரவில்லை. ழகரத்துக்கு இரண்டு எழுத்து, ளகரத்துக்குப் பெரிய எழுத்து, நெடிலுக்கு இரட்டை எழுத்து என்று அம்மா தானே ஒரு முறை வகுத்துக்கொண்டு அடித்திருந்தார்கள். அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சத்தமாக வாசித்தார்கள். அரசலாற்றில் வெள்ளம் வந்த ராத்திரி, வீட்டை அடகு வைத்து மீட்டது, 1992 மகாமகத்தன்று கூட்டத்தில் சிக்காமல் எப்படித் திரும்பினார் என்பது. நடுநடுவே அம்மா நிறுத்தினார்கள். "இந்த இடத்துல அப்பா இருமினார். அதான் இங்கே ரெண்டு தடவை அடிச்சிருக்கேன்."

மொத்தம் 31 பக்கம். இப்போது அம்மா வாசிக்க வாசிக்க நான் தமிழில் அடித்துக்கொண்டிருக்கிறேன். அன்றைக்குத் தாத்தா உட்கார்ந்த இடத்தில் அம்மா, அம்மா உட்கார்ந்த இடத்தில் நான்.

உங்கள் மெஷினுக்கு

பரணிலோ கடை மூலையிலோ ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தால், இந்த வரிசையில் போங்கள்.

1. கசிந்த பேட்டரியை வெட்டி எடுத்துச் சுத்தம் செய்யுங்கள். டிஸ்க்கை மாட்டுமுன் எஸ்.எம்.பி.எஸ்.ஸை அளந்து பாருங்கள்.

2. டிஸ்க் சுற்றுகிறதா என்று காதால் கேளுங்கள். சுற்றவில்லை என்றால் பவர் கனெக்டரின் நான்கு குழல்களையும் முதலில் பாருங்கள்.

3. யூஎஸ்பி அடாப்டரை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஐடிஇ போர்ட் உள்ள பழைய மெஷினில் தனியாக மாட்டிப் பாருங்கள்.

4. ஜம்பர், கேபிள், கார்டு என்று ஒவ்வொன்றாக மாற்றுங்கள். செய்ததை நோட்டில் எழுதுங்கள்.

5. தெரிந்த உடனே முழுப் பிரதி எடுங்கள்.

6. "ஆபரேட்டிங் சிஸ்டம் இல்லை" என்று வந்தால் ஃபார்மேட் பக்கம் போகாதீர்கள். பார்ட்டிஷன் அட்டவணையில் உள்ள எண்ணும் பயாஸில் கொடுத்த எண்ணும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள்.

ஃபைல் எல்லாம் கைக்கு வந்த பிறகு பழைய டிஸ்க்குக்கு ஓய்வு கொடுத்துவிடலாம். காம்பாக்ட் ஃப்ளாஷ் கார்டை ஐடிஇ டிஸ்க் போல மாட்டும் சின்ன அடாப்டர் கிடைக்கிறது. ஒன்றைக் கவனியுங்கள்: அந்தக் காலப் பயாஸ்களால் 1,024 சிலிண்டர், 16 ஹெட், 63 செக்டருக்கு மேல் எண்ண முடியாது. கணக்குப் போட்டால் 528 எம்.பி. சொச்சம். அதனால் 256 எம்.பி. கார்டு போதும். நானும் அதையே போட்டிருக்கிறேன். பழைய டிஸ்க்கை ஈரம் படாத பையில் போட்டு அம்மாவின் பீரோவில் வைத்துவிட்டோம்.

கேபினெட்டை மூடுவதற்கு முன் கடைசியாக ஒரு வேலை செய்தேன். 1992-இல் அந்த மெக்கானிக் டைப் எண்ணை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி உள்ளே ஒட்டியிருந்தால் எனக்கு இந்த அலைச்சலே இருந்திருக்காது. அம்மாவிடம் இரண்டு லேபிளும் ஒரு பேனாவும் கேட்டு வாங்கி, இரண்டிலும் இரண்டு வரியாக எழுதினேன். பழைய டிஸ்க்: டைப் 17, 977, 5, 17. அதற்குக் கீழே புதுக் கார்டின் எண்கள். பழைய டிஸ்க்கின் மேல் ஒன்றும், கேபினெட் மூடியின் உள்பக்கம் ஒன்றும் ஒட்டியிருக்கிறேன். அடுத்து இதைத் திறப்பவருக்கு அது போதும்.